வேலை பிடிக்கிறது, வார்டு பிடிக்கவில்லை

இங்கிலாந்துக்கு வந்து இன்னும் ஒரு வருடம் முடியாத நர்ஸ் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, என் கணவர் ஐடியில் இருக்கிறார். சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் அவருக்கு வேலை முடிந்தது. நான் லாங் டே (பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்) முடித்து வந்த பிறகும், ஏழாம் பெட் அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் போட்டேனா என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். வேலையை வெறுக்கவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. எல்லா வேலையும் இப்படித்தானா, இல்லை நர்ஸிங் மட்டுமா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நானும் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன்.

வேலையில் நம் மனசு எவ்வளவு கிடக்கிறது என்பது ஒன்று. அந்த வேலை நமக்குத் திருப்தி தருகிறதா என்பது வேறு. 1965-ல் அமெரிக்காவில் லோடால், கெஜ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் வேலை ஈடுபாட்டை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். அதை முக்கியமாக யாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரி நர்ஸ்களிடமும் இன்ஜினியர்களிடமும்! மறுநாள் வேலையை நினைத்து ராத்திரி தூங்காமல் கிடப்பதுண்டா, சம்பளம் தராவிட்டாலும் கூடுதல் நேரம் நின்று வேலையை முடிப்பாயா என்றெல்லாம் அதில் உண்டு. நீ சொல்வதைப் பார்த்தால் அந்தப் பட்டியலில் உனக்கு நல்ல மார்க் வரும். ஆனால் அது திருப்திக்கான மார்க் இல்லை.

இங்கே என்ஹெச்எஸ் (அரசு மருத்துவ சேவை) ஊழியர்களிடம் வருடா வருடம் ஒரு சர்வே எடுப்பார்கள், உனக்கும் மெயில் வரும். வேலையில் நேரம் போவதே தெரியவில்லையா என்றும் கேட்பார்கள், சம்பளம் திருப்தியா, வேலைக்குப் போதுமான ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்பார்கள். 2022 சர்வேயில் சம்பளம் திருப்தி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அந்த டிசம்பரில்தான் ஆர்சிஎன் என்ற நர்ஸ் சங்கத்தினர் தங்கள் சங்கத்தின் நூற்றுச் சொச்ச வருட வரலாற்றிலேயே மிகப் பெரிய ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அன்றைக்கும் ஐசியு, டயாலிசிஸ், கீமோ எல்லாம் ஓடின. கோபம் அத்தனை இருந்தும் நோயாளியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. நம் தொழிலின் சிக்கலே இதுதான்.

உன் கணவருக்குக் கவலை இல்லை என்று நினைக்காதே. ஆன்-கால் உண்டு, லே-ஆஃப் பயம் உண்டு. ஆனால் இன்று முடியாத டிக்கெட்டை (அவருக்கு வந்த வேலைக் கோரிக்கையை) அவர் நாளைக்குத் தள்ளலாம். இரண்டு மணி மருந்தை நீ தள்ள முடியாது. ஊரில் நோயாளிக்குக் கூடவே ஒரு சொந்தக்காரர் இருப்பார், சாப்பாடு ஊட்டுவது, பாத்ரூம் கூட்டிப்போவது எல்லாம் அவர் பாடு. இங்கே அதையும் நீயும் ஹெச்சிஏ என்ற உதவியாளரும்தான் செய்ய வேண்டும். வந்த புதிதில் இடுப்பு ஒடிவதற்குப் பாதிக் காரணம் இது. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை!

திருப்தி குறைவதற்குத் தொழிலைவிட ஆள் கணக்குதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். 2002-ல் லிண்டா ஏய்கன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளைப் பார்த்து எழுதினார்கள்: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது, வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுகிறது. கலிபோர்னியாவில் 2004 முதல் நர்ஸ்-நோயாளி விகிதமே சட்டத்தின்படிதான் நடக்கிறது. இங்கிலாந்தில் அப்படி ஒரு எண் சட்டத்தில் இல்லை. அதனால் ஒரே கட்டடத்தில் ஒரு வார்டு நிம்மதியாகவும் அடுத்த வார்டு நரகமாகவும் இருக்கும்.

நான் மெடிக்கல் வார்டிலிருந்து டயாலிசிஸுக்கு மாறியவள். பேண்ட் என்கிற சம்பளப் படிநிலை அதேதான், சம்பளமும் அதேதான். ஆனால் வாரம் மூன்று முறை அதே முகங்கள். யாருக்குப் பேரன் பிறந்தான், யார் தண்ணீர் அதிகம் குடித்துவிட்டு வந்து பொய் சொல்கிறார் என்பதுவரை தெரியும். மெடிக்கல் வார்டில் டிஸ்சார்ஜ் ஆனவர் பிழைத்தாரா என்றுகூடத் தெரியாது. டயாலிசிஸ் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். எமர்ஜென்சியில்தான் உயிர் வரும் என்று அங்கேயே கிடக்கிற தோழிகளும் எனக்கு உண்டு.

ஆகவே இப்போதே ஐடி கோர்ஸ் தேட வேண்டாம். அதே டிரஸ்டுக்குள் (உன் ஆஸ்பத்திரியை நடத்தும் என்ஹெச்எஸ் அமைப்புக்குள்) வார்டு மாறுவது பெரும்பாலும் சுலபம். விசாவில் உள்ள பணிக் குறியீடு மாறுமா என்று மட்டும் முதலில் ஹெச்ஆரிடம் கேட்டுக்கொள். ஷிப்ட் நேரம்தான் தொல்லை என்றால் ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங் எழுதிக் கேள். என்ஹெச்எஸ்ஸில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கேட்கும் உரிமை உண்டு, கிடைக்குமா என்பது மேனேஜரைப் பொறுத்தது. எந்த வார்டுக்குப் போக நினைத்தாலும் முதலில் அங்கே ஒரு பேங்க் ஷிப்ட் (ஆள் தேவைப்படும்போது தனியாக எடுத்துச் செய்யும் கூடுதல் ஷிப்ட்) செய்து பார். ஒரு நர்ஸுக்கு எத்தனை பெட், பிரேக் நிஜமாகவே கிடைக்கிறதா என்று அங்கிருக்கிற பேண்ட் 5 (ஆரம்பப் படிநிலை) நர்ஸ் பெண்களிடம் கேள், மேனேஜரிடம் அல்ல.