வலிப்புச் சிகிச்சைக்கு வந்த வரிசையில் கூப்பிடுவதுதான் நியாயமா?

கேள்வி: வலிப்பு நோய்க்கான சிறப்புப் பிரிவில் படுக்கை கிடைக்க மாதக்கணக்காகிறது. முதலில் பதிந்தவரை முதலில் கூப்பிடுவதுதானே நியாயம்?

தம்பிக்காக அப்படி ஒரு படுக்கைக்கு ஏழு மாதம் அலைந்தவன் நான். அப்போது கேட்டிருந்தால் "ஆமாம்" என்று அடித்துச் சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை.

அந்தப் படுக்கை வீடியோ இஇஜி எடுப்பதற்கானது, அதாவது மூளையின் மின் அலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதிவு செய்வது. தலை முழுக்க ஒயர் ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, ஃபிட்ஸ் வரும்வரை கேமரா முன்னால் படுக்க வைப்பார்கள். இரண்டு நாளில் வரலாம், ஒரு வாரமும் இழுக்கலாம். அதுவரை அடுத்தவருக்கு இடமில்லை. வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது, ஆபரேஷன் செய்யலாமா என்பது பெரும்பாலும் இதில்தான் தெரியும். சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்கவில்லை என்றால் இங்கே அனுப்ப வேண்டும். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த ரகம்.

தம்பிக்கு ஒன்பது வயதில் தொடங்கியது. கையில் இரும்புச் சாவியைத் திணித்ததிலிருந்து ஐந்து வகை மாத்திரை வரை பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒருவர் சொல்லவே பதினான்கு வருடம் ஆனது. இரண்டாம் வருடமே விவரமான டாக்டர் கையில் சிக்கியவர் பதிவேட்டில் அவனுக்கு முன்னால் இருப்பார். இதில் யார் முதலில் வந்தவர்?

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. அங்கே இந்தச் சிகிச்சைக்கு எப்படியும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பொட்டுமடல் வலிப்பு, அதாவது காதுக்குப் பக்கத்து மூளைப் பகுதியில் கிளம்பும் வலிப்பு, உள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 40 பேருக்கு உடனே ஆபரேஷனுக்கான ஏற்பாடு. மற்ற 40 பேர் மாத்திரையோடு வழக்கம்போலக் காத்திருந்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. நினைவு தப்பும் வலிப்பு ஒரு வருடத்தில் நின்றுபோனது முதல் பிரிவில் 58 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 8 சதவீதம் பேருக்கு. காத்திருந்தவர்களில் ஒருவர் இறந்தும் போனார். ஒருவரை ஆய்வுக்காகக் காக்க வைக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வரிசையில் காக்க வைக்க யார் அனுமதியும் வேண்டாம், பாருங்கள்.

சரி, யாரைத்தான் முதலில் கூப்பிடுவது? காத்திருப்பதால் யாருக்கு அதிகம் பறிபோகும் என்று பார்க்க வேண்டும் என்பேன். கொத்துக் கொத்தாக வெட்டி வெட்டி இழுக்கும் கைக்குழந்தைக்குச் சில வாரத் தாமதமே வளர்ச்சியைப் பாதிக்கும். அப்புறம், இரவில் உடம்பு முழுக்க வெட்டி இழுப்பவர்கள், அதிலும் தனியாகப் படுப்பவர்கள். வலிப்புள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் போலத் திடீரென்று இறக்கிறார்கள். இவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. ஆனால் அவசரம் மட்டுமே கணக்கென்றால், சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஆள் காலத்துக்கும் கடைசியில் நிற்பார். அந்தச் சில நொடிகளால் வேலை போனவரை எனக்குத் தெரியும். அதனால் இத்தனை மாதத்துக்கு மேல் யாரையும் தள்ளக்கூடாது என்று ஓர் எல்லையும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் மூளைத் தழும்பு தெளிவாகத் தெரிபவருக்கு முன்னுரிமை கொடுக்கலாம், ஆபரேஷனில் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று ஒரு டாக்டர் சொன்னார். வாதம் சரிதான். தம்பியின் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் இதில் நான் நடுநிலையாகப் பேசமுடியாது.

ஏழாவது மாதம் எங்களுக்கு இடம் கிடைத்தது எம்.எல்.ஏ. கடிதத்தால். பக்கத்துப் படுக்கையில் மகளோடு இருந்த அம்மா பதினொரு மாதம் காத்திருந்தாராம். "நீங்க எவ்வளவு நாளுப்பா?" என்று கேட்டார். "நாங்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதாம்மா" என்றேன்.