பல்லுக்குள் பிளேக், மண்ணுக்குள் அடைப்பான்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரியபோது தாழி ஒன்று உடைந்து எலும்பும் பற்களும் வெளியே வந்தன. அவர்கள் பிளேக் போன்ற கொள்ளைநோயில் இறந்தவர்களா என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, குத்தாலம்

பதில்: வழி இருக்கிறது, ஆனால் எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொழுநோயும் காசநோயும் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கி எலும்பை அரிப்பவை. தடம் கண்ணுக்கே தெரியும். பிளேக் சில நாட்களில் ஆளைக் கொண்டுபோய்விடும், எலும்பில் எதுவும் பதியாது. அதைத் தேட வேண்டிய இடம் பல்லின் உள்ளே இருக்கும் கூழ் அறை. சாகும் தறுவாயில் ரத்தமெங்கும் கிருமி இருக்கும். அந்த ரத்தம் கூழ் அறைக்குள்ளேயே உலர்ந்துவிட, எனாமல் அதை மூடிக் காக்கிறது. 1348–49-இல் லண்டனில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்துதான் 2011-இல் பிளேக் கிருமியின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தார்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, குளக்கரையில். சேறு போகட்டும் என்று பல்லைக் கழுவிவிடுவார்கள். வெறுங்கையால் ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எதையும் நகர்த்தாமல் முதலில் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ தகவல் சொல்லுங்கள். தொல்லியல் துறையினர் வந்து கையுறை, முகக்கவசத்தோடு, விரிசலோ சொத்தையோ இல்லாத கடைவாய்ப்பல்லைக் காகித உறையில் எடுப்பார்கள். பக்கத்து மண்ணிலும் ஒரு பிடி எடுக்க வேண்டும். பல்லில் காண்பது மண்ணிலும் இருந்தால் அது மண்ணின் கிருமி.

ஆய்வகத்தில் மகுடமும் வேரும் சேரும் இடத்தில் பல்லை அறுத்து, உள்சுவரைச் சுரண்டி 50 மில்லிகிராம் அளவுக்குப் பொடி எடுப்பார்கள். துளைக்கருவி மெதுவாகத்தான் சுழல வேண்டும். சூடேறினால் மிச்சமிருக்கும் டி.என்.ஏ.வும் போய்விடும். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில் ‘பிஎல்ஏ’ என்ற ஒரே மரபணு வந்துவிட்டது என்பதற்காகப் பிளேக் என்று அறிவிக்கக்கூடாது. அதைப் போன்ற மரபணு வேறு பாக்டீரியாக்களிலும் உண்டு. கிடைத்த துண்டுகள் பிளேக் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதும் பரவலாகப் பொருந்த வேண்டும். டி.என்.ஏ.வை ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் எழுதிய நீளமான வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டி.என்.ஏ. 30 முதல் 70 எழுத்து நீளமுள்ள துணுக்குகளாகச் சிதைந்திருக்கும்; துணுக்குகளின் முனைகளில் ‘சி’ இருந்த இடத்தில் ‘டி’ என்று படிக்க வரும். இந்தச் சிதைவு இல்லாவிட்டால், அது நேற்று ஒட்டிய அசுத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் டெல்டா மண் இதற்கு உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்தால் நிலத்தடி நீர் ஏறும், கோடையில் இறங்கும். இப்படி நனைந்து காய்ந்து எலும்பின் சுண்ணச் சத்து கரைகிறது. வெப்பமும் சேர்ந்து டி.என்.ஏ.வை அறுக்கிறது. அதனால் ‘கிருமி கிடைக்கவில்லை’ என்று முடிவு வந்தால், ‘அவருக்குப் பிளேக் இல்லை’ என்று பொருள் கொள்ளாதீர்கள்.

கேள்வி: அந்த எலும்பைத் தொட்டால் பிளேக் வருமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வராது. பிளேக் கிருமி விதைபோல உறங்கும் ஸ்போர் உண்டாக்குவதில்லை. பழைய பல்லில் இருப்பது செத்த கிருமியின் டி.என்.ஏ. மட்டுமே.

கேள்வி: நேற்றுவரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக ரத்தம் கசிகிறது. அடைப்பான் என்கிறார்கள். அறுத்துப் பார்த்து உறுதி செய்யலாமா?
– விவசாயி, மன்னார்குடி

பதில்: அறுக்கவே அறுக்காதீர்கள், தோலையும் உரிக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி காற்றுப் பட்டால்தான் ஸ்போராக மாறும். மாறிவிட்டால் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாது. உடல் மூடியே இருந்தால், அழுகும்போது உள்ளேயே சில நாட்களில் பெரும்பாலும் அழிந்துவிடும்.

கால்நடை மருத்துவர் காது ரத்தக்குழாயில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவுவார். உலர்ந்ததும் ஆல்கஹாலில் நிலைநிறுத்தி, பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். முனை சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை: இதுதான் அடைப்பான். புதிதாகக் கரைத்த சாயத்தில் அந்தச் சிவப்பு வராது. சாயம் மாதக்கணக்கில் பழுத்திருக்க வேண்டும். வெயிலில் ஒரு நாள் கிடந்த உடலில் உறை சிதைந்து, அழுகல் கிருமிகள் ஏறிவிடும். சாகுமுன் பென்சிலின் போட்டிருந்தாலும் கிருமி தென்படாமல் போகலாம். அதனால் தகவல் உடனே போக வேண்டும், போட்ட மருந்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தொண்டை அடைப்பான் வேறு நோய், வேறு கிருமி, வேறு தடுப்பூசி. பெயரைக் கேட்டு ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள்.

புதைப்பதானால் ஆறடிக்குக் குறையாத குழி, வாய்க்காலுக்குத் தள்ளி, மேட்டில். தோண்டும்போதே ஊற்று வரும் இடமென்றால் எரிப்பதே நல்லது. ரத்தம் சிந்திய மண்ணையும் வைக்கோலையும் உடலோடு சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தை ஊரில் எல்லோருக்கும் தெரியும்படி அடையாளமிட்டு வையுங்கள். பின்னால் போர்வெல் போடுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: வயலில் செத்துக் கிடக்கும் எலியில் பிளேக் பார்க்க முடியுமா?
– ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

பதில்: முடியும். மண்ணீரலில் தடவிய தகட்டில், இரு முனையும் அடர்ந்து சேஃப்டி பின் போல் தெரியும் கிருமிகளைத் தேடுவார்கள். உடல் அழுகிவிட்டால் தொடையெலும்பு மஜ்ஜை. மருந்து வைக்காமலே எலிகள் கூட்டமாகச் செத்தால் கையால் தூக்காதீர்கள். உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் இறங்கி அடுத்த சூடான உடலைத் தேடும். சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். ஆனால் நம் சேற்று வயல்களில் அதிகம் அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சல். அந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகக் கால் வெடிப்பில் ஏறும். நாற்று நட்ட சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்.