பல வருஷம் நிறுத்தி வைத்த பழைய லாரி: பேட்டரி மாற்றியும் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான், ஹெட்லைட் போட்டால் இண்டிகேட்டர் எரிகிறது. எங்கே ஆரம்பிப்பது?

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், ஹெட்லைட் போட்டால் அந்தப் பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, புது பேட்டரி போட்டும் மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் எர்த்தாக, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காசைக் கரைத்துக் கற்றுக்கொண்டதால் சொல்கிறேன்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம். அப்பா ஓட்டிய டாடா 407 நாலு வருஷம் களத்து ஓரம் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டது. ஓடாத வண்டிதான், ஆனாலும் ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைக்காமல் அப்பா விடமாட்டார். ஒரு வருஷம் சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, கறுப்புப் பெயிண்டும் அடித்தார்.

அதை ஓட வைக்கலாம் என்று நான் இறங்கினேன். முதலில் புது பேட்டரி. 'டக்'. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன். மறுபடியும் 'டக்'. கடைசியில் வெள்ளகோவிலிலிருந்து வயதான ஒயரிங்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். பையைக் கீழே வைக்கும் முன்பே, "ஏனுங் தம்பி, எர்த்தப் பாத்தீங்களா?" என்றார்.

"அதெல்லாம் டைட்டாத்தான் இருக்குதுங்ணா."

அவர் பதில் பேசவில்லை. தடிமனான ஜம்பர் ஒயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் கவ்வ விட்டு, மறுமுனையை நேராக எஞ்சின் இரும்பில் கவ்வ விட்டார். "இப்பத் திருப்புங்" என்றார். எஞ்சின் விறுவிறுவென்று சுற்றியது. எனக்கு அந்தப் பேட்டரி பில்தான் ஞாபகம் வந்தது.

நடந்தது இதுதான். அப்பா எர்த் பட்டையைக் கழற்றி, சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் பெயிண்ட் மேலேயே அதை முடுக்கியிருக்கிறார். நட்டு டைட்டாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பும் இரும்பும் சேரவில்லை, போல்ட் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஹாரனுக்கும் லைட்டுக்கும் அது போதும், செல்ஃப் மோட்டாருக்குப் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும், 300 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மீதி 9 வோல்ட்டில் குளிர்ந்து கிடக்கும் டீசல் எஞ்சினை எப்படிச் சுற்றுவது?

இண்டிகேட்டர் விஷயமும் இதே குடும்பம்தான். ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே எர்த் ஒயரைப் பகிர்ந்துகொள்ளும். அந்த ஒயர் துருப்பிடித்து விட்டுப்போனால், ஹெட்லைட்டுக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பின் கம்பி வழியாகப் போய், எங்கோ ஒரு எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குள் உடைத்துக்கொண்டு போகிற மாதிரி. விளக்குக்குப் பின்னால் இருக்கும் எர்த் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்குங்கள். பல்பை மாற்ற வேண்டியதில்லை. 'மொத்த ஒயரிங்கையும் மாற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னால் அதற்கும் இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள்.

இனி நீங்களே அளந்து பார்க்க, ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். 24 வோல்ட் வண்டியாக இருந்தால் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனை எஞ்சின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இடத்தில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். அந்த நேரத்தில் மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இதையே பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையே செய்யுங்கள். இரண்டு பக்கமும் சுத்தம், பேட்டரியும் திடம், ஆனாலும் 'டக்' என்றால்தான் சோலினாய்டையும் (செல்ஃபுக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) மோட்டாரையும் சந்தேகப்பட வேண்டும். ஒரே 'டக்' இல்லாமல் 'டகடகடக' என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. சாவியைத் தொடாமல், கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் அதற்கும் 'டக்'தான் சத்தம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். எங்களதில் எலி தேங்காய் நாரை வைத்து வீடே கட்டியிருந்தது.

எலி டேஷ்போர்டுக்குப் பின்னாலும் போயிருந்தது. ஃபியூஸ் போட்டால் உடனே போய்விடும். யாரோ முன்பே ஒரு ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள், வண்டி எரியாமல் இருந்தது சாமி புண்ணியம். ஃபியூஸுக்குப் பதிலாக அந்த இரண்டு முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரியும், ஒயர் கருகாது. அந்த ஃபியூஸில் ஓடும் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர்க் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் எலி கடித்த ஒயர்.

எஞ்சின் சுற்றிய பிறகும் அரை நாளாக எங்களுக்கு ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய டீசலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, ஹேண்ட் பம்ப் அடித்து டீசல் லைனில் இருந்த காற்றை வெளியே எடுத்தோம். வெள்ளைப் புகைகூட வரவில்லை. பார்த்தால், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்த நிலையிலேயே துருப்பிடித்து நின்றிருக்கிறது, பம்ப் டீசலே விடவில்லை. அதற்கு எண்ணெய் விட்டு, போய் வருகிறதா என்று பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். நிறுத்த முடியாமல் போனாலும் ஆபத்துதான். ஓடிய பிறகு ஆயில் லைட் சில நொடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது.

பிரேக் சிலிண்டர்களும் இத்தனை வருஷத்தில் இறுகியிருக்கும். அதைப் பார்க்காமல், எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்காமல் ரோட்டுக்கு இறக்காதீர்கள். எங்களது இன்னும் களத்துக்குள்தான் மட்டை சுமந்துகொண்டிருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு அப்பா பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுமே எர்த் போல்ட்டுக்கு கிரீஸ் தடவி, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.