ஒன்றரை நிமிடப் பாட்டு

கேள்வி: வளவில் அமர்ந்து பேரன் பார்க்கும் ‘ஒன் பன்ச் மேன்’ தொடரின் தொடக்கப் பாடல் எனக்கும் பிடித்துப்போயிற்று. அதைப் பாடுபவர்கள் யார்? பாட்டு சூடுபிடித்ததும் நின்றுவிடுவது ஏன்?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: 2015-இல் வெளிவந்த அத்தொடரின் ‘தி ஹீரோ!!’ பாடலைப் பாடியவர்கள் ஜாம் ப்ராஜெக்ட் குழுவினர், ஆச்சி. அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன்களின் பாடல்களுக்கென்றே 2000-இல் இச்சிரோ மிசுகி முன்னின்று தொடங்கிய இக்குழுவில், 1989-இல் ‘டிராகன் பால் இசட்’ தொடரின் முதல் தொடக்கப் பாடலைப் பாடிய ஹிரோனோபு ககேயாமாவும் ஆரம்பம் முதலே இருக்கிறார். மிசுகி 2022-இல் காலமானார்.

பாட்டு நின்றுவிடுவதற்குக் காரணம் நேரக் கணக்குதான். ஏறத்தாழ 24 நிமிடம் ஓடும் ஒரு பகுதியில் தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் தலா ஒன்றரை நிமிடமே ஒதுக்குவது அங்கே வழக்கம். நம் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும். ஜப்பானியப் பாட்டிலோ ‘சாபி’ எனப்படும் உச்சப் பகுதி பெரும்பாலும் சரணம் மெல்ல ஏறி வந்த பிறகே வெடிப்பதால், அதை ஒருமுறை எட்டியதும் தொலைக்காட்சிப் பதிப்பை முடித்துவிடுகிறார்கள். முழுப் பாடல் தனி இசைத்தட்டாக வெளிவந்திருக்கிறது. பேரனிடம் கேட்டால் நொடியில் எடுத்துத் தருவான்.

எதிரியை ஒரே குத்தில் வீழ்த்திவிட்டு, சலிப்போடு நிற்கும் மொட்டைத்தலை நாயகனுக்கு, பலர் அடித்தொண்டையில் முழங்கும் இவ்வளவு வீராவேசமான பாட்டு எதற்கு என்று தோன்றலாம். அந்தப் பொருத்தமின்மையே தொடரின் நகைச்சுவை என்பேன்.