பாய்மரப் படகு எஞ்சினின் கடல்நீர்ப் பம்பை எப்படிப் பராமரிப்பது?

வெளியேற்றுக் குழாயில் நீர் குறைந்து வருவதற்குக் காரணம் பம்பு தானா, அதை எப்போது திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கடல்நீர் வால்வும் வடிகட்டியும் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால், பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லரையே சந்தேகிக்க வேண்டும்.

இம்பெல்லரின் இதழ்கள் தம் வழியே செல்லும் நீரால்தான் குளிர்ச்சியும் வழவழப்பும் பெறுகின்றன. எனவே வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை இயக்கினால், உராய்வின் சூட்டில் அவை மிகக் குறுகிய நேரத்திலேயே கருகிப் பிய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது எஞ்சின் கையேடு சொல்லும் மணிநேரத்தில், இம்பெல்லரை மாற்றுவது நல்லது.

வால்வை மூடிய பிறகே பம்பின் மூடியைக் கழற்றுங்கள். இதழின் அடியில் வெடிப்பு தெரிந்தாலோ, இதழ் வளைந்தபடியே நின்றுவிட்டாலோ மாற்றிவிடுங்கள். ஓர் இதழ் உடைந்திருந்தால், அதன் துண்டுகளைத் தேடி எடுக்காமல் வேலையை முடிக்காதீர்கள், ஏனெனில் அவை பெரும்பாலும் வெப்பப் பரிமாற்றியின் (கடல்நீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்ளும் பகுதி) நுழைவாயிலில் சிக்கி, புதிய இம்பெல்லர் போட்ட பிறகும் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

புதியதற்குக் கிளிசரின் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கக்கூடும். இதழ்கள் சுழலும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருக்க வேண்டும். மூடியின் உட்புறம் ஆழமாகக் கீறியிருந்தால் உறிஞ்சும் திறன் குறையும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் ஷாஃப்ட் சீல் (சுழல்தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தள்ளிப்போட்டால் தண்டைத் தாங்கும் தாங்கியும் (பேரிங்) துருப்பிடிக்கும்.