ஊசிக்குப் பயமா, நோய்க்குப் பயமா? நர்சம்மா பதில்கள்

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியோடு அலைந்து ஓய்வுபெற்றவள் நான். கேளுங்கள்.

உசிலம்பட்டி அம்மா: ஒன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்ததே வேண்டாம் என்கிறார் மாமியார்.

அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கிவிடும். பாராசிட்டமால் அளவை எடைக்குத் தக்கபடி நர்சிடம் கேட்டுக் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்க விடாதீர்கள். வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ டாக்டரிடம் காட்டாமல் அடுத்த ஊசி போடாதீர்கள். அப்புறம், மாமியாரோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்த தடவை அவரையும் கூட்டிப் போங்கள். என் அனுபவத்தில் அதுதான் பலித்திருக்கிறது.

செல்லூர் அப்பா: ஊசி போட்டால் ஆட்டிசம் வருமாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

வராது. 1998இல் இங்கிலாந்து டாக்டர் ஒருவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பிய பேச்சு. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. வாட்ஸ்அப்புக்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது.

மேலூர் அம்மா: தட்டம்மை வந்தால் வேப்பிலை வைத்து, தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது. அதற்கு ஏன் ஊசி?

பல பிள்ளைகளுக்குப் போய்விடும், சரி. ஆனால் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலாகும். நிமோனியா அதைவிட அதிகம். ஊசியாலும் காய்ச்சல் வரும். சில ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரும். பார்க்கப் பதறும், ஆனால் பெரும்பாலும் பின்பாதிப்பு இல்லாமல் போய்விடும். ஊசியை நாமே கூட்டிப்போய்ப் போடுகிறோம், நோய் தானாக வருகிறது. அதனால்தான் ஊசியின் ஆபத்து மட்டும் நம் கைப்பாவமாகத் தெரிகிறது. தட்டம்மைப் பிள்ளை இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம் வரை கிருமி நிற்கும். ஊசி போடாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும்.

திருப்பரங்குன்றம் தாத்தா: 2008இல் திருவள்ளூரில் ஊசி போட்ட பிள்ளைகள் இறந்தது பொய்யா?

பொய்யில்லை ஐயா, தட்டம்மை ஊசி போட்ட நான்கு பிள்ளைகள். இந்தப் பயத்தை நான் ஒருநாளும் சிரித்துத் தள்ளியதில்லை. தட்டம்மை மருந்து பொடியாக வரும். கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எப்போது கரைத்தீர்கள் என்று கேளுங்கள், நல்ல நர்ஸ் கோபிக்க மாட்டாள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை மிக அபூர்வம். வந்தால் அங்கேயே ஊசி மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம், பஸ்ஸில் முடியாது.

திருமங்கலம் அம்மா: ஊருக்குப் போனதில் இரண்டு தவணை விட்டுப்போச்சு. முதலிலிருந்து போடணுமா?

வேண்டாம், விட்ட இடத்திலிருந்து. சிலதுக்கு வயது வரம்பு உண்டு. அட்டையோடு இந்தப் புதன்கிழமையே போங்கள்.