எழுபதில் சிக்கும் கை

அன்புள்ள சார்,

ஆறு மாதமாகக் கியூப சால்சா நடனம் கற்கிறேன். இருபது ஃபிகர்களை (பெயர் வைத்த அசைவுத் தொடர்களை) நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் எல்லாம் வருகிறது. வெளியே பார்ட்டியில், தெரியாத பெண்ணோடு ஆடினால் 'செத்தெந்தா' என்ற ஃபிகரில் பாதி வழியிலேயே கை சிக்கிக்கொள்கிறது. "இப்ப என்ன பண்ணணும்?" என்று அவரே கேட்கிறார். எனக்கு ஞாபகசக்தி குறைவா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஞாபகசக்தியைத் திட்டாதீர்கள். ஆசிரியர் 'செத்தெந்தா' என்றதுமே வகுப்பில் உங்கள் ஜோடிக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. நீங்கள் கையே காட்டாவிட்டாலும் அவர் சுற்றிவிடுவார்.

1950களில் ஹவானாவின் கிளப்புகளில் வளர்ந்த ருவேதா என்ற வட்ட ஆட்டமும் அப்படித்தான். ஜோடிகள் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் குரல் கொடுப்பார். 'தாமே' என்றால் 'கொடு', அடுத்த ஜோடியின் பெண் உங்களிடம் வந்துவிடுவார். (கியூபாக்காரர்கள் இந்த ஆட்டத்தைக் காசினோ என்பார்கள். சால்சா என்ற பெயரைப் பரப்பியது நியூயார்க்.) பார்ட்டியில் அந்தக் குரல் கிடையாது. உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

செத்தெந்தா என்றால் எழுபது. பேர்தான் பெரிசு. ஜோடியைச் சுற்றவிடும்போது ஒரு கை அவர் முதுகுக்குப் பின்னால் மடங்கும். அதை அவிழ்ப்பது என்சூஃப்ளா (தூக்கிய கைக்குக் கீழே அவரைத் திருப்பி இடம் மாறுவது), முடித்துவைப்பது 'தீலே கே நோ' (அவரை உங்கள் முன்னால் கடக்கவிட்டு அடிப்படை ஆட்டத்துக்குத் திரும்புவது). இரண்டும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஆக, என்சூஃப்ளாவைச் சரிசெய்யுங்கள். எதிரெதிரே நின்று ஆடும் அடிப்படை அடியான குவாப்பேயாவில், எட்டு எண்ணிக்கையின் 1-இல் இருவரும் பின்னால் கால் வைக்கிறீர்கள். என்சூஃப்ளாவில் அதே 1-இல் அவர் முன்னால் வர வேண்டும். 1 வந்த பிறகு கையைத் தூக்கினால் அவர் பின்னால் போய்விட்டிருப்பார், அப்புறம் இழுத்தால் அவர் தோள்தான் வலிக்கும். 4-இலும் 8-இலும் கால் சும்மா நிற்கிறதே, அந்த 8-இல் உங்கள் இடக்கை அவரை அழைத்துவிட வேண்டும். கட்டைவிரலைப் போட்டு அழுத்தாதீர்கள். அவர் விரல்கள் உங்கள் விரல்களில் கொக்கி மாதிரித் தொங்கினால் போதும், திரும்பும்போது தானே வழுக்கிக்கொள்ளும். நானும் முதல் வருஷம் நோட்டில் அம்புக்குறி போட்டவன்தான், கட்டைவிரலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

லோஸ் வான் வான் என்ற கியூப இசைக்குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டு, முழுப் பாட்டுக்கும் குவாப்பேயா, என்சூஃப்ளா, தீலே கே நோ மட்டும் ஆடுங்கள். எது எப்போது வரும் என்று ஜோடியிடம் சொல்லக் கூடாது. அவர் தவறாமல் வர ஆரம்பித்ததும் எழுபதுக்குப் போகலாம்.